பழுதான கைத்துப்பாக்கி: பதில் சொல்ல வேண்டியவர் யார்? - ஓர் அலசல்

புதுதில்லி: விசையை எவரும் இழுக்காத நிலையில் ஒரு கைத்துப்பாக்கி தானாகவே வெடிக்க முடியுமா? அவ்வாறு வெடித்ததாகப் புகார் எழுந்தால், பழுது துப்பாக்கியில் உள்ளதா, அதைக் கையாண்டவரிடம் உள்ளதா என்பதை யார் முடிவு செய்வது? பழுதை நீக்க வேண்டிய கடமை யாருடையது?

அமெரிக்காவின் சிக் சாவர் நிறுவனம் தயாரித்த 'பி320' ரகக் கைத்துப்பாக்கியை முன்வைத்து இக்கேள்விகள் 2017-ஆம் ஆண்டு முதல் எழுப்பப்பட்டு வருகின்றன. 2025-ஆம் ஆண்டில் விமானப் படை வீரர் ஒருவரின் மரணத்தை அடுத்து இச்சர்ச்சை மீண்டும் தீவிரமடைந்தது. நீதிமன்றங்களிலும் காவல் துறை அலுவலகங்களிலும் இவ்விவகாரம் இன்னும் முடிவுக்கு வரவில்லை.

இது அமெரிக்காவின் உள்நாட்டு விவகாரமாகத் தோன்றினாலும், இந்தியாவுக்கும் இதில் கவனிக்க வேண்டிய செய்தி உள்ளது. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதானால் எங்கே கொண்டு செல்வது என்ற கேள்வி இங்கும் உள்ளது. அதற்கான விடையைச் சட்டம் கண்டிப்பாக வரையறுத்துள்ளது. ஆனால் அந்த விடையை நடைமுறையில் எட்டுவது எளிதாக இல்லை.

சர்ச்சையின் தொடக்கம்

அமெரிக்க ராணுவம் தனது பழைய கைத்துப்பாக்கிகளுக்கு மாற்றாக, பி320 வடிவமைப்பை 2017 ஜனவரியில் தேர்ந்தெடுத்தது. 58 கோடி டாலர் வரை மதிப்புள்ள ஒப்பந்தம் அது. முழு அளவிலான வடிவத்துக்கு 'எம்17' என்றும், குழல் குறுகிய சிறிய வடிவத்துக்கு 'எம்18' என்றும் ராணுவம் பெயரிட்டது. அதே காலகட்டத்தில் பல காவல் துறைகளும் பொதுமக்களும் பி320 துப்பாக்கியை வாங்கத் தொடங்கியிருந்தனர்.

அதே ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் சிக்கல் வெளிப்பட்டது. துப்பாக்கி ஒரு குறிப்பிட்ட கோணத்தில், அதன் பின்பகுதி தரையில் படும்படி விழுந்தால் வெடித்துவிடுகிறது என்பது தனியார் சோதனைகளில் தெரியவந்தது. டல்லாஸ் நகரக் காவல் துறை அத்துப்பாக்கியின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. ராணுவம் நடத்திய சோதனைகளிலும் இதே குறை கண்டறியப்பட்டது, பின்னர் வெளியான பாதுகாப்புத் துறையின் சோதனைப் பிரிவு அறிக்கையில் இடம்பெற்றது.

இதன் காரணம் எளிய இயற்பியல்தான். துப்பாக்கி விழுந்து தரையில் மோதும்போது அதன் உடல் நின்றுவிடுகிறது. ஆனால் எடை மிகுந்த விசை, தான் சென்றுகொண்டிருந்த திசையிலேயே தொடர்ந்து நகர்கிறது. ஒருவர் விரலால் விசையை இழுத்தால் என்ன நிகழுமோ, அதுவே விரல் படாமல் நிகழ்ந்துவிடுகிறது.

'திரும்பப் பெறுதல்' அல்ல, 'மேம்பாடு'

2017 ஆகஸ்ட் 8-ஆம் தேதி சிக் சாவர் நிறுவனம் 'தன்னார்வ மேம்பாட்டுத் திட்டம்' ஒன்றை அறிவித்தது. துப்பாக்கியை வைத்திருப்போர் அதன் வரிசை எண்ணைப் பதிவு செய்து நிறுவனத்துக்கு அனுப்பினால், எடை குறைந்த விசை உள்ளிட்ட புதிய பாகங்கள் கட்டணமின்றிப் பொருத்தித் தரப்படும் என்பது அத்திட்டம். விசையின் தொடர்பைத் துண்டிக்கும் கூடுதல் அமைப்பு ஒன்றும் அதில் சேர்க்கப்பட்டது.

பழுதுநீக்கம் என்ற அளவில் இது பயனுள்ள ஏற்பாடே. ஆனால் நிறுவனம் தேர்ந்தெடுத்த சொல் கவனத்துக்குரியது. கார்களிலோ மின்சாதனங்களிலோ இத்தகைய குறை கண்டறியப்பட்டால், அவற்றைத் 'திரும்பப் பெறுவதாக' அறிவிப்பது வழக்கம். அந்த அறிவிப்பு உரிமையாளரிடம் 'இதை இப்போது பயன்படுத்தாதீர்கள்' என்று கூறுகிறது. 'மேம்பாடு' என்ற சொல்லோ, விரும்பினால் செய்துகொள்ளலாம் என்ற பொருளையே தருகிறது. இதனால், அறிவிப்பைக் கவனிக்காதவர்களிடமும் பொருட்படுத்தாதவர்களிடமும் பழைய பாகங்களுடன் கூடிய துப்பாக்கிகள் தங்கிவிடுவதற்கு வாய்ப்பு ஏற்பட்டது.

இவ்வாறு நேர்ந்ததற்கு அமெரிக்கச் சட்டத்தில் உள்ள இடைவெளி ஒரு முக்கியக் காரணம். பொம்மை முதல் மின்விசிறி வரை வீட்டு உபயோகப் பொருள்களைக் கண்காணிக்கும் நுகர்வோர் பொருள் பாதுகாப்பு ஆணையத்துக்குத் துப்பாக்கிகள் மீது அதிகாரம் இல்லை. சட்டமே அவற்றை அதன் வரம்பிலிருந்து விலக்கி வைத்துள்ளது. எனவே, பழுதான துப்பாக்கியைத் திரும்பப் பெறும்படி ஒரு நிறுவனத்துக்கு உத்தரவிட அந்த ஆணையத்தால் இயலாது. பாதிக்கப்பட்டவர்களுக்கு எஞ்சியிருக்கும் வழி நீதிமன்றம் மட்டுமே.

ஓயாத புகார்கள்

கீழே விழுந்தால் வெடிக்கும் குறை சரிசெய்யப்பட்ட பின்னரும் புகார்கள் நிற்கவில்லை. இடுப்பில் அணிந்திருந்த உறைக்குள் இருந்தபடியே, விசையை இழுக்காத நிலையில் துப்பாக்கி வெடித்ததாகக் காவலர்களும் பொதுமக்களும் அடுத்தடுத்து வழக்குத் தொடுத்தனர். மில்வாக்கி நகரக் காவல் துறை பி320 துப்பாக்கிகளைக் கைவிட்டு வேறு நிறுவனத்தின் துப்பாக்கிகளுக்கு மாறியது. அமெரிக்கக் குடியேற்ற மற்றும் சுங்க அமலாக்க முகமையும் 2025 ஜூலையில் தனது பணியாளர்கள் இவற்றைப் பயன்படுத்தத் தடை விதித்தது.

2024 ஜூனில் ஜார்ஜியா மாகாணத்தில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தின் நடுவர் குழு, காயமடைந்த ஒருவருக்கு 23.5 லட்சம் டாலர் இழப்பீடு வழங்கத் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு நவம்பரில் பிலடெல்பியாவில் மற்றொரு நடுவர் குழு 1.1 கோடி டாலர் வழங்கும்படி கூறியது. அதே வேளையில், வேறு சில வழக்குகள் நிறுவனத்துக்குச் சாதகமாகவும் முடிந்துள்ளன.

விசை இழுக்கப்படாமல் பி320 வெடிப்பதற்கு வாய்ப்பே இல்லை என்பது நிறுவனத்தின் உறுதியான நிலைப்பாடு. உறைக்குள் நுழைந்த ஏதேனும் பொருள் விசையில் சிக்கியிருக்கலாம், அல்லது கையாண்டவர் தம்மை அறியாமல் விசையைத் தொட்டிருக்கலாம் என்பது அதன் வாதம். 2025 அக்டோபரில், இத்துப்பாக்கியின் விற்பனையை நிறுத்தவும் விற்றவற்றைத் திரும்பப் பெறவும் கோரி நியூஜெர்சி மாகாண அரசு வழக்குத் தொடுத்துள்ளது.

வயோமிங் தந்த பாடம்

2025 ஜூலை 20-ஆம் தேதி, வயோமிங் மாகாணத்தில் உள்ள எப்.இ. வாரன் விமானப் படைத் தளத்தில் எம்18 துப்பாக்கியிலிருந்து வெளிப்பட்ட குண்டு பாய்ந்து வீரர் ஒருவர் உயிரிழந்தார். அடுத்த சில நாள்களில், அணு ஆயுதங்களைப் பாதுகாக்கும் பொறுப்புள்ள விமானப் படையின் உலகளாவிய தாக்குதல் பிரிவு, எம்18 துப்பாக்கிகளின் பயன்பாட்டை நிறுத்தி வைத்தது. துப்பாக்கி தானாகவே வெடித்திருக்கலாம் என்ற பேச்சு நாடெங்கும் பரவியது.

ஆனால் ஆகஸ்ட் மாதத்தில் விசாரணை வேறு திசையில் சென்றது. அச்சம்பவம் தொடர்பாகச் சக வீரர் ஒருவர், கவனக்குறைவால் மரணம் விளைவித்ததாகவும் பொய்யான தகவல் அளித்ததாகவும் எழுந்த சந்தேகத்தின்பேரில் கைது செய்யப்பட்டார்.

இத்துடன் கதை முடிந்திருந்தால், 'துப்பாக்கியில் பழுதில்லை, தவறு மனிதருடையது' என்ற எளிய முடிவுக்கு வந்திருக்கலாம். ஆனால் இடைப்பட்ட காலத்தில் அந்தப் பிரிவு தன்னிடமிருந்த ஏறத்தாழ 8 ஆயிரம் எம்18 துப்பாக்கிகளையும் ஒன்றுவிடாமல் ஆய்வு செய்தது. அவற்றில் ஏறத்தாழ 190 துப்பாக்கிகளில் பாகங்கள் தேய்ந்திருப்பது கண்டறியப்பட்டு, அவை பழுதுநீக்கத்துக்காகத் தனியே பிரிக்கப்பட்டன. எஞ்சியவை ஆகஸ்ட் இறுதியில் மீண்டும் பயன்பாட்டுக்கு வந்தன.

ஒரு மரணத்துக்குத் துப்பாக்கி காரணமல்ல என்றாலும், அதைச் சாக்காக வைத்து நடந்த ஆய்வு, கவனிக்கப்படாமல் தேய்ந்துகொண்டிருந்த துப்பாக்கிகளை வெளிக்கொணர்ந்தது. ஆயுதக் கிடங்கும் பயிற்சி பெற்ற பழுதுநீக்குநர்களும் உள்ள ஒரு படைப் பிரிவிலேயே நிலைமை இதுவானால், வீட்டு அலமாரியில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும் துப்பாக்கிகளின் நிலை என்ன என்பது நியாயமான கேள்வி.

சிறிய துப்பாக்கியில் என்ன பழுதாகிறது?

கைத்துப்பாக்கியில் ஏற்படும் பழுதுகளை இரு வகையாகப் பிரிக்கலாம். வெடிக்க வேண்டிய நேரத்தில் வெடிக்காமல் போவது முதல் வகை. வெடிக்கக் கூடாத நேரத்தில் வெடிப்பது இரண்டாம் வகை.

முதல் வகையே மிகப் பரவலானது. தோட்டா மேகசினிலிருந்து மேலேறாமல் சிக்கிக்கொள்வது, வெடித்த தோட்டாவின் வெற்றுக்கூடு வெளியேறாமல் இடையில் நிற்பது, விசையை இழுத்தும் தோட்டா வெடிக்காமல் போவது, மேற்பகுதியான ஸ்லைடு முழுமையாக மூடாமல் நின்றுவிடுவது ஆகியவை இதில் அடங்கும்.

அளவில் சிறிய துப்பாக்கிகளில் இவை கூடுதலாக நேர்வதற்குக் காரணம் உண்டு. குழல் குறுகும்போது ஸ்லைடு பின்னோக்கிச் சென்று திரும்பும் தூரமும் குறைகிறது. அந்தக் குறுகிய தூரத்துக்குள் பழைய கூட்டை வெளியேற்றி, புதிய தோட்டாவை ஏற்றி, மூடி முடிக்க வேண்டும். இதற்காக அழுத்தம் மிகுந்த ஸ்பிரிங் பொருத்தப்படுகிறது. எனவே சிறிதளவு அழுக்கு, உலர்ந்து பிசினாகிப்போன எண்ணெய், தளர்ந்த ஸ்பிரிங், வீரியம் குறைந்த பழைய தோட்டா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்று போதும், இயக்கம் தடைபட்டுவிடும்.

பழுதின் மூலத்தைத் தேடுவதற்கு ஒழுங்கான வரிசை உண்டு. முதலில் சந்தேகிக்கப்பட வேண்டியவை தோட்டாவும் மேகசினும். வேறொரு மேகசினைப் பொருத்தியதும் சிக்கல் மறைந்தால், குறை மேகசினின் விளிம்பிலோ அதன் ஸ்பிரிங்கிலோ உள்ளது. அடுத்தது தூய்மை. அதன் பின்னரே கூட்டை இழுக்கும் கொக்கி, ஸ்லைடைத் தள்ளும் ஸ்பிரிங், தோட்டாவைத் தாக்கும் ஊசி ஆகிய உள்பாகங்கள். இந்தக் கடைசிக் கட்டம் துப்பாக்கி வைத்திருப்பவரின் வேலையல்ல; பயிற்சி பெற்ற பழுதுநீக்குநரின் வேலை.

இரண்டாம் வகைப் பழுதில் இத்தகைய சோதனைகளுக்கே இடமில்லை. ஒரு முறை தானாக வெடித்ததாகச் சந்தேகம் எழுந்தாலும், அத்துப்பாக்கியைக் காலி செய்து தனியே வைப்பது ஒன்றே வழி. மீண்டும் வெடிக்கிறதா என்று வீட்டில் சோதித்துப் பார்ப்பது உயிருக்கு உலை வைக்கும் செயலாகும்.

விசையை இழுத்தும் வெடிக்காத தோட்டா சில நொடிகள் தாமதித்து வெடிக்கக்கூடும். ஆகவே குழலைப் பாதுகாப்பான திசையிலேயே வைத்து, குறைந்தது 30 நொடிகள் காத்திருக்க வேண்டும் என்பது பயிற்சி மையங்களில் கற்பிக்கப்படும் விதி. முதலில் மேகசினைக் கழற்றி, பின்னர் ஸ்லைடை இழுத்து அறைக்குள் இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும்; இந்த வரிசை மாறக் கூடாது. மேகசினைக் கழற்றிவிட்டதாலேயே துப்பாக்கி காலியாகிவிட்டது என்று நம்பியது பல விபத்துகளுக்குக் காரணமாகியுள்ளது.

இந்தியச் சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் துப்பாக்கியின் உரிமையாளருக்கு மட்டுமன்றி, அதைப் பழுதுபார்ப்பவருக்கும் உரிமம் கட்டாயம். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5-ஆவது பிரிவு, தயாரிப்பு, விற்பனை ஆகியவற்றுடன் பழுதுபார்த்தலையும் சோதித்தலையும் உரிமத்துக்கு உட்பட்ட செயல்களாக வகைப்படுத்துகிறது. 2019-ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின்னர், இப்பிரிவை மீறுவோருக்குக் குறைந்தபட்சம் 7 ஆண்டுகள் முதல் ஆயுள் வரை சிறைத் தண்டனை விதிக்கப்படலாம். ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகளின் எண்ணிக்கை மூன்றிலிருந்து இரண்டாகக் குறைக்கப்பட்டதும், உரிமத்தின் காலம் மூன்றிலிருந்து ஐந்து ஆண்டுகளாக நீட்டிக்கப்பட்டதும் அதே திருத்தத்தில்தான்.

பழுதுநீக்கத்துக்கு எடுத்துச் செல்வதற்கும் சட்டம் வழி வகுத்துள்ளது. உரிமம் பெற்றவர் உடனிருந்தாலோ அல்லது எழுத்துப்பூர்வமாக அனுமதித்தாலோ, உரிமம் இல்லாத மற்றொருவர் அத்துப்பாக்கியைப் பழுதுபார்க்க எடுத்துச் செல்லலாம் என்று 3-ஆவது பிரிவு கூறுகிறது. துப்பாக்கியில் பொறிக்கப்பட்ட எண்ணையும் அடையாளக் குறிகளையும் அழிப்பதை 8-ஆவது பிரிவு தடை செய்கிறது. எனவே பாகம் மாற்றும்போது எண் உள்ள பகுதிக்குச் சேதம் நேர்ந்தால், பழுதுநீக்கமே குற்றமாக மாறும் நிலை ஏற்படலாம்.

சட்டத்தின் கண்டிப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. ஜபல்பூரில் உள்ள மத்திய ஆயுதக் கிடங்கில் கழித்துக்கட்டப்பட்ட ஏகே-47 துப்பாக்கிகள் அங்கிருந்து வெளியேறி, மீண்டும் இயங்கும் நிலைக்குக் கொண்டுவரப்பட்டு, பிகாரின் முங்கேர் பகுதியில் விற்கப்பட்டது 2018-ஆம் ஆண்டில் அம்பலமானது. அவ்வழக்கில் ஓய்வுபெற்ற ஆயுதப் பழுதுநீக்குநர் ஒருவரும் கைதானார். பழுதுபார்க்கும் திறமை தவறான கைகளில் சேர்ந்தால், கழித்த இரும்பும் ஆயுதமாகிவிடும் என்பதற்கு அது சான்று.

நடைமுறையில் உள்ள இடைவெளி

ஆனால் கண்டிப்பு மட்டும் பழுதை நீக்கிவிடுவதில்லை. 9 மி.மீ. தோட்டாவைப் பயன்படுத்தும் கைத்துப்பாக்கிகள் இந்தியாவில் தடைசெய்யப்பட்ட வகையைச் சேர்ந்தவை என்பதால், சாதாரண உரிமதாரர்கள் பெரும்பாலும் .32 ரகத் துப்பாக்கிகளையே வைத்துள்ளனர். இஷாப்பூர் துப்பாக்கித் தொழிற்சாலையின் 'அசனி' கைத்துப்பாக்கி, கான்பூரில் தயாராகும் ரிவால்வர்கள் ஆகியவை அவற்றுள் அடங்கும். தனிநபர்கள் வெளிநாட்டுத் துப்பாக்கிகளை இறக்குமதி செய்வது 1980-களிலிருந்து கடுமையாகக் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. அதற்கு முன்னர் வந்த துப்பாக்கிகள் பல குடும்பங்களில் தலைமுறை கடந்து இன்னும் புழக்கத்தில் உள்ளன. அவற்றுக்கு உதிரி பாகம் கிடைப்பது எளிதன்று.

கடந்த 2024 அக்டோபர் 1-ஆம் தேதி ஹிந்தி நடிகர் கோவிந்தா, மும்பையில் உள்ள தமது இல்லத்தில் உரிமம் பெற்ற துப்பாக்கி வெடித்துக் காலில் காயமடைந்தார். அலமாரியில் வைக்கும்போது கை தவறி விழுந்து வெடித்ததாக அவரது தரப்பில் கூறப்பட்டது. கீழே விழும் துப்பாக்கி வெடிக்கலாகாது என்பது அடிப்படைப் பாதுகாப்பு எதிர்பார்ப்பு. அமெரிக்காவில் ஒரு நிறுவனத்தின் வடிவமைப்பே மாறக் காரணமான அதே கேள்வி, இங்கு ஒரு நாள் செய்தியாகக் கடந்து சென்றது.

உரிமம் பெற்ற பழுதுநீக்குநர் அருகில் இல்லாதபோது, உரிமதாரர் முன் மூன்று வழிகளே உள்ளன: தொலைவிலுள்ள நகரத்துக்குக் கொண்டு செல்வது, பழுதுடனேயே வைத்திருப்பது, அல்லது உரிமமில்லாத உள்ளூர்ப் பட்டறையை நாடுவது. மூன்றாவது வழி குற்றம். இரண்டாவது வழி குற்றமல்ல என்றாலும் ஆபத்து. சட்டத்துக்குக் கட்டுப்பட்டவர் முதல் வழியை எளிதாகத் தேர்ந்தெடுக்கும்படி ஏற்பாடுகள் இருக்க வேண்டும்.

செய்யக்கூடியவை

ஒரு வகையில் இந்தியாவின் நிலை அமெரிக்காவைவிடச் சாதகமானது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்துக்கு, ஆபத்தான பொருள்களைத் திரும்பப் பெற உத்தரவிடும் அதிகாரம் உண்டு. அமெரிக்காவில் உள்ளதைப் போலத் துப்பாக்கிகளுக்கு வெளிப்படையான விலக்கு எதுவும் இச்சட்டத்தில் இல்லை. உற்பத்திக் குறைபாட்டுக்குத் தயாரிப்பாளரைப் பொறுப்பாக்கும் தனி அத்தியாயமும் அதில் உள்ளது.

மேலும், இந்தியாவில் ஒவ்வோர் உரிமதாரரின் விவரமும் தேசியத் தரவுத்தளத்தில் தனி அடையாள எண்ணுடன் பதிவு செய்யப்படுகிறது. ஒரு ரகத் துப்பாக்கியில் குறை கண்டறியப்பட்டால், அதை வைத்திருக்கும் அனைவருக்கும் தகவல் அனுப்புவது இங்கு சாத்தியம். அமெரிக்காவில் அத்தகைய தேசியப் பதிவேட்டைச் சட்டமே அனுமதிப்பதில்லை. ஆகவே, இந்தியாவில் குறையை அறிவிப்பதற்கான அமைப்பு ஏற்கெனவே உள்ளது. அதை இந்நோக்கத்துக்குப் பயன்படுத்துவதே எஞ்சியுள்ள பணி.

ஐந்தாண்டுகளுக்கு ஒருமுறை உரிமம் புதுப்பிக்கப்படும்போது, துப்பாக்கியின் இயந்திர நிலை குறித்து உரிமம் பெற்ற பழுதுநீக்குநரின் சான்றும் இணைக்கப்பட வேண்டும் என்ற விதியைச் சேர்க்கலாம். வாகனங்களுக்குத் தகுதிச் சான்று கேட்கப்படுவதைப் போன்றதே இது. பழைய ஆயுதத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 2021 அக்டோபர் 1-ஆம் தேதி ஏழு அரசு நிறுவனங்களாக மாற்றப்பட்டுள்ள நிலையில், சிறு ஆயுதங்களைத் தயாரிக்கும் அரசு நிறுவனம் மாநிலத்துக்கு ஒரு பழுதுநீக்க மையத்தையேனும் நடத்துவது குறித்துப் பரிசீலிக்கலாம். தானாக வெடித்த, கீழே விழுந்து வெடித்த சம்பவங்களில் காவல் துறை வழக்குப் பதிவு செய்வதுடன், துப்பாக்கியின் ரகத்தையும் பழுதின் தன்மையையும் தனியே தொகுக்க வேண்டும். அத்தொகுப்பு இல்லாமல், ஒரே ரகத்தில் மீண்டும் மீண்டும் நேரும் குறையைக் கண்டுபிடிக்க இயலாது.

உரிமதாரர்களைப் பொருத்தவரை, கடைப்பிடிக்க வேண்டியவை சிலவே. பழுது என்று சந்தேகம் எழுந்த துப்பாக்கியைக் காலி செய்து, தோட்டாவையும் துப்பாக்கியையும் தனித்தனியே பூட்டி வைக்க வேண்டும். உரிமம் பெற்ற பழுதுநீக்குநரிடம் மட்டுமே கொடுக்க வேண்டும். எடுத்துச் செல்பவர் வேறொருவரானால் கையொப்பமிட்ட அனுமதிக் கடிதம் தேவை. என்ன பாகம் மாற்றப்பட்டது என்ற விவரத்துடன் ரசீது பெற்றுக்கொள்ள வேண்டும்.

பி320 வழக்குகளில் இறுதித் தீர்ப்பு எவ்வாறு அமைந்தாலும், வயோமிங் ஆய்வில் பிரித்து வைக்கப்பட்ட அந்த 190 துப்பாக்கிகளை இந்திய அதிகாரிகள் கருத்தில்கொள்ள வேண்டும். அவற்றின் தேய்மானத்தை எந்த விபத்தும் காட்டிக்கொடுக்கவில்லை. எல்லாவற்றையும் எடுத்துச் சோதித்துப் பார்க்கும்படி யாரோ ஒருவர் உத்தரவிட்டதாலேயே அது தெரியவந்தது.